நாலு மணிக்குப் பிறகு

பாளையங்கோட்டையில் அன்று நாலு மணிக்கு வகுப்புதான் முடியும், கல்லூரி முடியாது. மணி அடித்ததும் சைக்கிள் ஸ்டாண்டை நோக்கிப் போகிற கூட்டத்தில் பாதி, வேப்பமரத்தடியில் நோட்டுகளை வைத்துவிட்டு மைதானத்துப் பக்கம் திரும்பிவிடும். சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்த வாலிபால் கோர்ட், நடுவில் கால்பந்து, ஓரத்தில் ஹாக்கி மட்டைகள் மோதும் சத்தம், ஒரு மூலையில் லாங் ஜம்ப் குழி மணலைக் கிளறிக்கொண்டிருக்கும் இரண்டு பேர். டவுனிலிருந்து வருகிறவர்கள் விளக்கு வைப்பதற்குள் வீடு சேர வேண்டும் என்று ஐந்தரைக்கெல்லாம் சுலோசன முதலியார் பாலத்தைப் பார்த்து சைக்கிளை மிதிப்பார்கள். ஹாஸ்டல்காரர்கள் பந்து கண்ணுக்குத் தெரிகிறவரை ஆடுவார்கள். 1970-களில் ஜான்ஸிலோ சேவியர்ஸிலோ இந்துக் கல்லூரியிலோ படித்த ஒருவரிடம் அந்த நாட்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பாடம் எடுத்தவர்களின் பெயருக்கு முன்னால் பி.டி. சாரின் பெயர் வந்து விழும்.

கல்லூரியில் விளையாடுகிற மாணவர்கள் வாழ்க்கையில் கூடுதல் நிறைவோடு இருக்கிறார்களா, மற்ற மாணவர்களுக்கு அந்த நிறைவு குறைவா என்று உளவியலாளர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். நெல்லைச் சீமையில் இந்தக் கேள்விக்கு அன்று ஒரு பதில் வந்திருக்கும், இன்று வேறு பதில்தான் வரும் என்று நினைக்கிறேன். அன்று இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் வேலி கிடையாது. சுமாராக ஆடுகிறவன் என்று ஒருவன் இருந்தான். அவன்தான் அந்த இடைவெளியை நிரப்பிக்கொண்டிருந்தான். இன்று அவனைக் காணோம். நான் கவலைப்படுவது அவனைப் பற்றித்தான்.

இந்த நிறைவை அளப்பதற்கு உலகம் முழுக்கப் பயன்படுகிற அளவுகோல் ஒன்று இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் எட் டீனரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1985-ல் வெளியிட்டது. மொத்தமே ஐந்து வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் போட வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் குறைந்தது 5, அதிகபட்சம் 35. 20 வந்தால் நடுவாந்தரம். என் வாழ்க்கை நான் ஆசைப்பட்ட மாதிரி இருக்கிறதா, என் நிலைமை நன்றாக இருக்கிறதா, திருப்தியாக இருக்கிறேனா, முக்கியமானவை கிடைத்தனவா என்று போய், ஐந்தாவதாக, மறுபடியும் முதலிலிருந்து வாழச் சொன்னால் எதையாவது மாற்றுவேனா என்று முடியும். மாணவர்களிடம் இதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் ஒரே திசையைக் காட்டவில்லை. உடம்பை அசைத்து, கூடி விளையாடுகிறவர்கள் பொதுவாகக் கொஞ்சம் மேலே நிற்கிறார்கள். ஆனால் போட்டி உச்சத்துக்குப் போகப் போக, காயமும் தேர்வுப் பயமும் சேர்ந்துகொள்ளும்போது, அந்த ஏற்றம் நிலைப்பதில்லை. ஆக, நிறைவு கிடைப்பது விளையாட்டின் உச்சாணிக் கிளையில் இல்லை. அதற்குக் கொஞ்சம் கீழே, கூட்டமாக உட்கார இடம் இருக்கிற கிளையில். எங்கள் ஊர் அன்று அந்தக் கிளையில்தான் உட்கார்ந்திருந்தது.

அதற்குக் காரணங்கள் உண்டு. இந்துக் கல்லூரியும் தூய யோவான் கல்லூரியும் 1878-ல் தோன்றியவை. சாராள் தக்கர் கல்லூரி 1895, தூய சவேரியார் கல்லூரி 1923. ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரி 1970-லும், சதக்கத்துல்லா அப்பா கல்லூரி 1971-லும் வந்தன. தாமிரபரணிக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு சைக்கிளில் போய்விடலாம் என்கிற தூரத்தில் இத்தனை கல்லூரிகள். இந்தப் பழைய வளாகங்களுக்குப் பெரிய மைதானங்கள் இருந்தன. நிலம் மலிவாக இருந்த காலத்தில் கட்டப்பட்டவை. உடற்கல்வி இயக்குநர்களில் பலர் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர்கள், அல்லது அங்கே படித்தவரிடம் பழகியவர்கள். 1920-ல் ஹாரி குரோ பக் தொடங்கிய அந்தக் கல்லூரி ஆசியாவிலேயே அந்த வகையில் முதலாவது. நல்ல ஆட்டக்காரனைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான், வேடிக்கை பார்க்கிறவனையும் உள்ளே இழுத்துப் போடுவது மீதி வேலை என்ற வழக்கத்தோடு அவர்கள் வந்தார்கள்.

இன்னொரு காரணத்தை யாரும் சொல்வதில்லை. 1978-ல் பிளஸ் டூ வரும்வரை, பள்ளி இறுதி வகுப்பு முடித்த பையன் நேராகக் கல்லூரிக்குத்தான் பி.யு.சி. படிக்க வருவான். பதினாறு வயது. மீசை அரும்பியிருக்காது. அவன் கல்லூரி மைதானத்தில் இறுதியாண்டு அண்ணன்மாரோடு நாலு வருடம் புழங்குவான். முதல் வருடம் பந்து பொறுக்கிப் போடுவான். இரண்டாம் வருடம் யாராவது வராத நாளில் உள்ளே இறக்குவார்கள். மூன்றாம் வருடம் பி டீமில் இடம். நாலாவது வருடம், அதிர்ஷ்டம் இருந்தால், கல்லூரி அணியின் பனியன். பலருக்கு அந்தப் பனியன் கிடைக்காது. கிடைக்காவிட்டாலும் நாலு வருடம் அவன் சாயங்காலத்தில் ஒரு அணி இருந்தது. “எலே, சர்வீஸ்ஸ நெட்டுல போடாதல” என்று திட்ட ஒரு அண்ணாச்சி இருந்தார். ஆட்டம் முடிந்ததும் வியர்வை காய்வதற்குள் நன்னாரி சர்பத் குடிக்க ஒரு கூட்டம் இருந்தது. டீனருடைய ஐந்து வாக்கியத்திலும் சர்பத் கடை வராது. மதிப்பெண்ணைத் தூக்கிவிட்டது அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நானும் அந்த பி டீம் ரகம். துறைகளுக்கு இடையிலான போட்டியில் வாலிபால் ஆடியிருக்கிறேன், பல்கலைக்கழகத் தேர்வு பக்கம் போனதில்லை. ஆனால் யுனிவர்சிட்டி பிளேயர் ஒருவர் எங்கள் ஹாஸ்டலில் இருந்தார். கலர்ஸ் வாங்கியவர். அவருக்கு நாங்கள் கொடுத்த மரியாதையில் பொறாமை கிடையாது. காரணம், அவர் எங்களோடுதான் ஆடினார். எங்களில் ஒருவன் தப்பாக லிஃப்ட் பண்ணிய பந்தையும் எட்டிப்போய் அடிப்பார். அவர் மதுரைக்கு இன்டர் ஜோன் போட்டிக்குக் கிளம்பியபோது டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை ஏழெட்டுப் பேர் போனோம். அப்போது இந்தக் கல்லூரிகள் எல்லாம் மதுரைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 1966-க்கு முன் சென்னைப் பல்கலைக்கழகம். 1990-ல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்த பிறகுதான் எல்லாம் அபிஷேகப்பட்டிக்கு வந்தது. போட்டிக்காகத் தூரம் போக வேண்டியிருந்த காலம் அது. அந்த மதுரைப் பயணமே பலருக்கு வாழ்க்கையில் முதல் வெளியூர்.

ஆட்டத்துக்கு ஒரு விலையும் இருந்தது. ரயில்வே, ஐ.சி.எஃப்., போலீஸ், மின்வாரியம், இந்தியன் வங்கி என்று எல்லாவற்றுக்கும் அணிகள் இருந்தன. தாமிரபரணிக் கரை ஆலைகளிலும் ஆட்டக்காரர்களுக்கு இடம் இருந்தது. மணத்தி கணேசனின் கதை இப்போது தமிழ்நாட்டுக்கே தெரியும். ஆற்றின் கடைப்பகுதியில், திருச்செந்தூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பையன். சேரன்மகாதேவி சன் பேப்பர் மில் அணிக்கு ஆடி, மின்வாரியத்துக்குப் போய், 1994-ல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற கபடி அணியில் நின்றவர். அர்ஜுனா விருது பெற்றவர். அவர் வாழ்க்கையின் சாயலில்தான் மாரி செல்வராஜ் 2025-ல் ‘பைசன் காளமாடன்’ எடுத்தார். மில்லும் வாரியமும் ஆட்டக்காரனுக்குச் சம்பளம் கொடுத்த காலத்தில், ஆடுகிற பிள்ளையைப் பெற்றவர்கள் ஒரேயடியாகத் திட்டவில்லை. “ஆடிட்டுப் போறான், ஏதாவது வேலைக்கு ஆகும்” என்று விட்டுவிட்டார்கள்.

அன்றையது பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. அம்பாசமுத்திரம், வீரவநல்லூர், களக்காடு பக்கத்திலிருந்து வந்து போகிறவர்களுக்கு நாலு மணிக்குப் பிறகு மைதானம் கிடையாது. கடைசிக்கு முந்தைய பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், வீட்டில் மாடு காத்திருக்கும். ஷூ வாங்க முடியாமல் வெறுங்காலோடு கால்பந்து ஆடியவர்கள் உண்டு. பெண்களுக்கு அநேகமாக எதுவும் இல்லை. மதில் சுவருக்குள்ளே, பாவாடை தாவணியைச் செருகிக்கொண்டு டென்னிகாய்ட் ஆடுவார்கள், த்ரோபால் ஆடுவார்கள். ஆட்டத்தில் நல்ல கெட்டிக்காரியாக இருந்த ஒரு பெண்ணுக்கு மூன்றாம் ஆண்டுக்குள் நிச்சயம் ஆகிவிடும். அன்று ஆண்களின் சாயங்காலத்தைப் பற்றி நான் பேசுகிற அளவுக்குப் பெண்களின் சாயங்காலத்தைப் பற்றிப் பேச விஷயம் இல்லாமல் இருந்ததே பெரிய அநியாயம்.

இன்றைக்கு வருவோம். நெடுஞ்சாலை ஓரத்துக் கல்லூரி ஒன்றின் வாசலில் நாலேகாலுக்கு நின்று பாருங்கள். வரிசையாக மஞ்சள் பஸ்கள். தென்காசி, வள்ளியூர், ஸ்ரீவைகுண்டம், சங்கரன்கோவில் என்று பலகை. ஐந்து நிமிடத்தில் வளாகம் துடைத்துவிட்ட மாதிரி காலியாகிவிடுகிறது. உள்ளே மைதானம் இருக்கிறது, நல்ல மைதானம். அதில் ஆட வேண்டிய எண்ணூறு பேர் பஸ் சீட்டில் உட்கார்ந்து செல்போனைத் திறந்துவிட்டார்கள். பழைய கல்லூரிகளிலும் பல இடங்களில் ஷிஃப்ட் வந்துவிட்டது. காலை ஷிஃப்ட் மதியத்தோடு வீட்டுக்குப் போகிறது. மதிய ஷிஃப்டுக்காரன் வெளியே வரும்போது இருட்டத் தொடங்கியிருக்கும். ஒரே கல்லூரியில் படிக்கிற இரண்டு பேர் ஒரே வெளிச்சத்தில் மைதானத்தில் சந்திக்க வழியில்லை.

மீதி நேரத்தை வேலை எடுத்துக்கொண்டது. முகூர்த்த நாளில் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்துக்குப் போனால், கறுப்பு பேண்டும் வெள்ளைச் சட்டையுமாகச் சாம்பார் வாளி தூக்கி வருகிற பையன்களில் பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். கேட்டரிங் வேலை. காலை நாலு மணிக்கு வேனில் ஏறி, மூன்று பந்தி பரிமாறி, மதியம் கூலியை வாங்கிக்கொண்டு அடுத்த நாள் வகுப்புக்குப் போகிறவர்கள். இன்னும் சிலர் இரவில் உணவு டெலிவரி பையை முதுகில் மாட்டிக்கொள்கிறார்கள். செமஸ்டர் கட்டணத்தை அப்பாவிடம் கேட்கக் கூடாது என்ற வைராக்கியம் அவர்களுக்கு. அந்தப் பையன்களைப் பார்த்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது. ஆனால் இருபது வயதில் உடம்பை உழைப்புக்கு மட்டுமே தெரிந்துவைத்திருப்பது சரியா என்று நெஞ்சு கேட்கிறது.

பாடத்திட்டத்தில் விளையாட்டு இருக்கிறது. 2008 வாக்கில் வந்த விருப்பப் பாட முறையில் ‘பகுதி 5’ என்று ஒன்று உண்டு. என்.எஸ்.எஸ்., என்.சி.சி., உடற்கல்வி இப்படி எதிலாவது ஒன்றில் சேர்ந்தால் ஒரு கிரெடிட். ஒவ்வொரு மாணவனும் ஏதோ ஒன்றை எடுத்தே ஆக வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நடைமுறையில் பல இடங்களில் அது ஒரு கையெழுத்து. விளையாட்டைத் தேர்ந்தெடுத்த நூறு பேரில் எத்தனை பேர் பந்தைத் தொட்டார்கள் என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலசைவு வேண்டும் என்கிறது. அதை ஐந்து நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு அரைமணி. நாலு மணியிலிருந்து நாலரை வரை. பஸ் கிளம்பிவிடுகிற அதே அரைமணி.

இனி ஆடுகிறவனைப் பார்ப்போம். அவனுடைய நிலைமை அன்றைவிட எவ்வளவோ மேல். 1992-ல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் வந்தது. விடுதி, பயிற்சியாளர், முட்டை, பால் எல்லாம் வந்தன. கோவில்பட்டியில் செயற்கைப் புல்தரை இருக்கிறது. அங்கே வளர்ந்த சக்திவேல் மாரீஸ்வரனும், அங்கே விடுதியில் தங்கிப் பழகிய அரியலூர் கார்த்தியும் 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடி வெண்கலத்தோடு திரும்பினார்கள். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள், அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு, முதலமைச்சர் கோப்பையில் கல்லூரி மாணவர்களுக்குத் தனிப் பிரிவும் பரிசுப் பணமும். எங்கள் காலத்து யுனிவர்சிட்டி பிளேயருக்கு ஒரு பிளேசர் கோட்டும் கைதட்டலும்தான் கிடைத்தன.

இவ்வளவு இருந்தும் அவன் முகத்தில் ஒரு இறுக்கம் இருக்கிறது. அவன் தனி ஆளாகிவிட்டான். கோட்டாவில் சேர்ந்தவன் என்று வகுப்பில் அவனுக்கு ஒரு அடையாளம். ஓ.டி. போட்டு அட்டெண்டன்ஸ் சரிக்கட்டுகிறவன் என்று சக மாணவர்களுக்கு ஒரு முணுமுணுப்பு. போட்டி முடிந்து திரும்பினால் மூன்று உள்மதிப்பீட்டுத் தேர்வு காத்திருக்கும். நோட்ஸ் கொடுக்க நெருங்கிய நண்பன் இருக்க மாட்டான், ஏனென்றால் வகுப்புக்காரர்கள் யாரும் அவனோடு ஆடியதில்லை. அவன் பேசுகிற பேச்சும் மாறியிருக்கிறது. எந்தப் போட்டியின் சர்டிபிகேட் எதற்குச் செல்லும், மாநில அளவா தேசிய அளவா, எந்தப் படிவத்தில் கையெழுத்து வேண்டும் என்று பத்தொன்பது வயதில் அவனுக்கு அத்துப்படி. ஆட்டத்தின் அழகைப் பற்றிப் பேச நேரமில்லை. அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. சர்டிபிகேட் ஒன்றுதான் அவன் குடும்பத்தின் ஒரே சேமிப்பு.

பிரிட்டன் புரூவர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1993-ல் ஒரு விஷயத்தைத் தெளிவாக எடுத்து வைத்தார்கள். ஒருவன் தன்னை ‘ஆட்டக்காரன்’ என்று மட்டுமே அடையாளம் கண்டுகொண்டால், ஆட்டம் நன்றாகப் போகிறவரை அது அவனுக்குப் பலம். காயமோ வெளியேற்றமோ வந்த நாளில் அதுவே பள்ளம். எங்கள் ஊர்க் கபடிக்காரர்கள் அதை மூன்று வார்த்தையில் சொல்வார்கள்: “லிகமெண்ட் போச்சு, அண்ணாச்சி.” கொடை விழாவுக்குக் கொடை விழா ஊர் ஊராக நடக்கிற மின்னொளி கபடிப் போட்டிகளில் சுழற்கோப்பையும் ரொக்கமும் உண்டு. 2014-ல் புரோ கபடி வந்து, 2017-ல் தமிழ் தலைவாஸ் வந்த பிறகு, ஒவ்வொரு பையனுக்கும் தான் தொலைக்காட்சியில் தெரியப் போகிறோம் என்ற நினைப்பு. கல்லூரிக்கு ஆடுவான், ஊருக்கு ஆடுவான், இன்னொரு ஊருக்குக் கெஸ்ட்டாக ஆடுவான். இரவு ஒரு மணிக்கு, இறுகிப்போன தரையில், ஒரு தவறான திரும்பலில் முழங்கால் போய்விடும். ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துவிட்டு வெளியே வரும்போது அவன் யார் என்பது அவனுக்கே புரியாது. அன்றைய ஆட்டக்காரனுக்கும் காயம் பட்டது. ஆனால் அவன் கட்டுப் போட்ட காலோடு அதே வேப்பமரத்தடியில் வந்து உட்காருவான். ஸ்கோர் எழுதுவான், ஜூனியர்களைத் திட்டுவான், சர்பத்துக்குக் கூட வருவான். பி டீம் இருந்ததால் ஏ டீம்காரன் கீழே விழுந்தாலும் தாங்க ஒரு தரை இருந்தது. அந்தத் தரைதான் போய்விட்டது. ஆடாத மாணவன் மைதானத்தை இழந்தான். ஆடுகிற மாணவன் அவனை இழந்தான்.

இந்த இழப்புக்கு எங்கள் மாவட்டத்தில் இன்னொரு கனம் உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும், கூடப் படித்தவர்களே வீடு தேடிப்போய் வெட்டினார்கள். அதைத் தொடர்ந்து அரசு அமைத்த நீதியரசர் கே.சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மணிக்கட்டில் சாதிக்கு ஒரு நிறத்தில் கட்டும் கயிறுகளைப் பள்ளிகளில் தடை செய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிற்றை அறுக்கலாம். அதன் இடத்தில் அந்தப் பையனுக்கு வேறு எந்தக் கூட்டம் கிடைக்கும்? மைதானம் தானாகவே சாதியைக் கரைத்துவிடும் என்று சொல்ல நான் தயாரில்லை. ஊர்ப் போட்டிகளில் சாதித் தலைவர்களின் படம் போட்ட ஜெர்சியோடு இறங்குகிற அணிகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் வாலிபாலில் லிஃப்டர் தூக்கிக் கொடுக்காமல் ஷாட் அடிக்க முடியாது. மூன்று வருடம் ஒருவன் கையிலிருந்து பந்தை வாங்கி அடித்தவன், அவன் தெருவுக்குள் அரிவாளோடு போவது கொஞ்சம் கஷ்டம். கல்லூரி ஜெர்சி என்ற ஒரே நிறம் பதினைந்து பேருக்கு மட்டும் கிடைக்கிற பொருளாக இருக்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பெண்கள் விஷயத்தில் மட்டும் இன்று அன்றைக் காட்டிலும் பல படி மேலே நிற்கிறது, இதைச் சொல்லும்போது மனம் நிறைகிறது. காலை ஐந்தரை மணிக்கு வ.உ.சி. மைதானத்துப் பக்கமோ அண்ணா ஸ்டேடியத்துப் பக்கமோ போனால், டிராக் சூட்டில் தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஸ்பைக்ஸ் பையோடு டவுன் பஸ்ஸிலிருந்து இறங்குகிற பெண்களைப் பார்க்கலாம். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பயிற்சிக்குப் போக வீட்டில் காசு கேட்க வேண்டியதில்லை என்பது ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பதைக் கேட்டுப் பார்த்தால்தான் தெரியும். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயும் சேர்ந்துகொண்டது. நீளம் தாண்டுகிற ஒரு மாணவியிடம் ஒரு காலையில் பேசிக்கொண்டிருந்தேன். மாநில அளவில் பதக்கம் வாங்கியதில்லை, வாங்கப் போவதாகவும் அவள் சொல்லவில்லை. “இங்க வாரப்ப யாரும் எங்கிட்ட கல்யாணத்தப் பத்திப் பேச மாட்டாங்க, சார்” என்றாள். பிறகு ஓடுபாதையை அடி வைத்து அளந்து, தன் குறியில் ஒரு செங்கல் துண்டை வைத்துவிட்டு, திரும்பி ஓடத் தொடங்கினாள். சுமாராக ஆடுகிறவன் காணாமல் போன ஊரில், சுமாராகத் தாண்டுகிற அந்தப் பெண் வந்து சேர்ந்திருக்கிறாள். அவளுக்கு மைதானம் கொடுப்பது சுதந்திரம். ஆண்பிள்ளைகள் அதைப் பிறவிச் சொத்தாக வைத்திருந்து கைவிட்டுவிட்டார்கள்.

முற்றிலும் கைவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. அதே காலை நேரத்தில் அங்கே இன்னொரு கூட்டம் ஓடுகிறது. பட்டம் வாங்கிய பிறகு வருகிறவர்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். கயிறு ஏற வேண்டும். நீளமோ உயரமோ தாண்ட வேண்டும். கல்லூரியில் மூன்று வருடம் மைதானத்தின் பக்கம் எட்டிப் பார்க்காத பையன், இருபத்திரண்டு வயதில் வேலைக்காக முதல்முறையாக ஓடுகிறான். முதல் வாரம் இரண்டாவது சுற்றிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். மூன்றாவது மாதம் அவன் உடம்பு வேறாகியிருக்கும், பேச்சும் வேறாகியிருக்கும். ஓடி முடித்துவிட்டு ஒருவருக்கொருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொள்கிறார்கள், கடிகாரம் பார்த்துச் சொல்கிறார்கள், பின்தங்கியவனோடு கடைசிச் சுற்றைச் சேர்ந்து ஓடுகிறார்கள். அங்கே நான் பார்ப்பது பழைய பி டீம்தான். மூன்று வருடம் தாமதமாக வந்திருக்கிறது, அவ்வளவே. தேர்வில் தேறாமல் போன சிலர், அடுத்த அறிவிப்பு எப்போது என்று தெரியாமலே, சாயங்காலம் வாலிபால் ஆட வருகிறார்கள்.

ஆகவே கல்லூரிகளை நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது சின்னச் சின்ன விஷயங்கள். பகுதி 5-ல் விளையாட்டை எடுத்தவனுக்குக் கிரெடிட் கொடுக்கும் முன் அவனை வாரம் மூன்று நாள் மைதானத்தில் நிறுத்துங்கள். துறைகளுக்கு இடையிலான போட்டியை ஆண்டு விழாவுக்கு முந்தைய வாரத்தில் அவசரமாக முடிக்காமல், ஜூலையில் தொடங்கி மாதம் முழுக்க நடத்துங்கள். கல்லூரி அணியில் இருப்பவனும் தன் துறைக்கு ஆடட்டும். அவனோடு வகுப்புக்காரர்கள் பத்து நிமிடமாவது ஆடட்டும். ஜோன் போட்டிகளில் ஏ டீம் ஆடி முடித்த மைதானத்திலேயே பி டீமுக்கும் ஒரு ஆட்டம் வையுங்கள். கோப்பை வேண்டாம், நடுவர் ஒருவர் போதும். காயம்பட்ட ஆட்டக்காரனுக்கு விசிலைக் கொடுத்து அந்த நடுவராக நிறுத்தலாம். பெண்களுக்கு உடை மாற்ற ஒரு அறை, தாழ்ப்பாள் விழுகிற கதவோடு.

எல்லாவற்றுக்கும் முதலில் பஸ். நாலேகாலுக்குக் கிளம்புகிற பத்து வண்டியில் இரண்டை ஆறு மணிக்கு மாற்றுங்கள். ஒன்று அம்பாசமுத்திரம் ரூட்டுக்கு, ஒன்று வள்ளியூர் ரூட்டுக்கு. முதல் மாதம் பன்னிரண்டு பேர்தான் ஏறுவார்கள், டீசல் நட்டம் என்று கணக்குப் பிரிவிலிருந்து கடிதம் வரும். இரண்டாம் செமஸ்டர் வரைக்குமாவது அந்த டிரிப்பை நிறுத்தாமல் ஓட்டுங்கள்.